இரண்டரை எலக்ட்ரான் வித்தியாசம்

பள்ளி அறிவியல் பாடத்தில் அணுவின் துகள்களைப் பற்றி ஓர் அட்டவணை வரும். புரோட்டான்: நேர்மின்சுமை, நிறை 1. நியூட்ரான்: மின்சுமை இல்லை, நிறை 1. எலக்ட்ரான்: எதிர்மின்சுமை, நிறை புறக்கணிக்கத்தக்கது. அணு எண்ணையும் நிறை எண்ணையும் ஐசோடோப்புகளையும் புரிந்துகொள்ள இந்த அட்டவணை போதும். ஆனால் அந்த இரண்டு 1-களும் சமமானவை அல்ல. நியூட்ரான் புரோட்டானைவிடச் சற்றுக் கனமானது. ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட வராத வேறுபாடு இது. முழு எண்ணாகத் திருத்தும்போது உதிர்ந்துவிடும் இந்த மிச்சத்தின் தயவில்தான் ஹைட்ரஜன் அணு நிலைத்திருக்கிறது, சூரியன் எரிகிறது, உலகில் தண்ணீர் இருக்கிறது. அணுக்கருவைப் பற்றி ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இந்த மிச்சத்தைத்தான் சொல்வேன்.

அதை நிறுத்துப் பார்க்க எலக்ட்ரானையே எடைக்கல்லாக வைத்துக்கொள்வோம். ஒரு புரோட்டானின் நிறை 1836.15 எலக்ட்ரான்களின் நிறைக்குச் சமம். நியூட்ரானின் நிறை 1838.68. வேறுபாடு 2.53, அதாவது ஏறத்தாழ இரண்டரை எலக்ட்ரான். நிறையும் ஆற்றலும் ஒன்றே என்று ஐன்ஸ்டைன் 1905இல் காட்டிவிட்டதால் ஆற்றலையும் இதே கல்லால் நிறுக்கலாம். இக்கட்டுரையில் வரும் எண்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கும்.

கருவுக்குள் எலக்ட்ரானைத் தேடிய காலம்

அணுவின் நேர்மின்சுமையும் ஏறத்தாழ மொத்த நிறையும் நடுவில் ஒரு மிகச்சிறு கருவில் குவிந்திருப்பதை எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு 1911இல் மான்செஸ்டரில் இருந்தபோது அறிவித்தார். நைட்ரஜன் வாயுவில் ஆல்பா துகள்கள் பாயும்போது ஹைட்ரஜன் கருக்கள் தெறித்து வருவதை 1919இல் வெளியிட்டார். ஹைட்ரஜன் கரு மற்றக் கருக்களின் உள்ளுறுப்பாகவும் இருக்கிறது என்பது அதனால் விளங்கியது. அடுத்த ஆண்டு அதற்குப் புரோட்டான் என்று பெயரும் அமைந்தது.

பெயர் அமைந்தாலும் கணக்கு இடித்தது. நைட்ரஜன் கருவின் நிறை 14, மின்சுமை 7. உள்ளே 14 புரோட்டான்கள் இருந்தால் மின்சுமையும் 14 ஆக இருக்க வேண்டும். மீதி 7 மின்சுமையை ஈடுகட்ட 7 எலக்ட்ரான்களும் கருவுக்குள்ளேயே இருக்கின்றன என்று அன்றைய இயற்பியலாளர்கள் கருதினார்கள். சில கருக்கள் பீட்டா கதிர்களாக எலக்ட்ரான்களை வெளிவிடுவது அந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தது. உள்ளே இல்லாதது வெளியே எப்படி வரும் என்ற கேள்வி நியாயமாகவே தோன்றியது.

அதை அசைத்தது நைட்ரஜனேதான். 14 புரோட்டானும் 7 எலக்ட்ரானும் சேர்ந்தால் 21 துகள்கள், ஒற்றைப்படை எண். இத்தகைய துகள்கள் ஒற்றைப்படையாகச் சேர்ந்த கரு ஒரு விதமாகவும் இரட்டைப்படையாகச் சேர்ந்த கரு வேறு விதமாகவும் நடந்துகொள்ளும் என்பது குவாண்டம் விதி. அந்த வேறுபாடு மூலக்கூறின் நிறமாலைக் கோடுகளில் எது செறிவானது, எது மங்கலானது என்பதில் வெளிப்படும். 1929இல் பிராங்கோ ரசெட்டி எடுத்த நைட்ரஜன் நிறமாலை இரட்டைப்படை என்றே சொன்னது. கருவின் துகள்களை எண்ணியதில் எங்கோ பிழை இருந்தது.

பிழை எங்கே என்பது 1932 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் தெரியவந்தது. பெரிலியத்தின்மீது ஆல்பா துகள்கள் மோதும்போது எதையும் எளிதில் ஊடுருவும் ஒரு கதிர் வெளிவருவதை 1930இல் ஜெர்மனியில் வால்டர் போத்தேயும் ஹெர்பர்ட் பெக்கரும் கண்டிருந்தார்கள். அது பாரஃபின் மெழுகில் பட்டால் புரோட்டான்கள் மிகுந்த வேகத்துடன் தெறிப்பதைப் பாரிஸில் ஐரீன் ஜோலியோ-க்யூரியும் பிரெடரிக் ஜோலியோவும் 1932 ஜனவரியில் வெளியிட்டு, கதிர் காமா வகை என்று விளக்கம் தந்தார்கள். ஜேம்ஸ் சாட்விக் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. அவர் சோதனைக்குப் பயன்படுத்திய பொலோனியம், அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் சிகிச்சைக்குப் பயன்பட்டுத் தீர்ந்துபோன ரேடான் குழாய்களிலிருந்து கிடைத்தது.

அவருடைய வாதத்தை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. மின்சுமையற்ற ஒரு துகள் ஹைட்ரஜன் கருவை நேருக்கு நேர் மோதினால் அது தெறிக்கும் வேகம், துகளின் நிறையோடு 1ஐக் கூட்டி வரும் எண்ணுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நைட்ரஜன் கருவை மோதினால் 1க்குப் பதில் 14ஐக் கூட்ட வேண்டும். துகளின் நிறை சரியாக 1 என்றால், ஹைட்ரஜன் தெறிக்கும் வேகம் நைட்ரஜனின் வேகத்தைப் போல 2-க்கு 15, அதாவது ஏழரை மடங்கு இருக்க வேண்டும். சாட்விக்கிடம் இருந்த அளவீடுகள்: ஹைட்ரஜன் நொடிக்கு 33,000 கி.மீ., நைட்ரஜன் 4,700 கி.மீ. விகிதம் ஏழு மடங்கு. அதிலிருந்து புதிய துகளின் நிறை 1.15 என்று வந்தது. அளவீட்டுப் பிழைக்கு இடம்விட்டுப் பார்த்தால் அது புரோட்டானை ஒத்த நிறையுள்ள, மின்சுமையற்ற துகள். நியூட்ரான் கண்டறியப்பட்டது. நைட்ரஜன் கருவில் 7 புரோட்டானும் 7 நியூட்ரானும், மொத்தம் 14. இரட்டைப்படை. ரசெட்டியின் நிறமாலைக்குப் பொருள் கிடைத்தது.

கலவையா, தனித்துகளா?

நியூட்ரான் என்பது ஒரு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும் நெருக்கமாக ஒட்டிக்கொண்ட இணை என்ற எண்ணம் முதலில் சாட்விக்குக்கே இருந்தது. அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது துல்லியமான நிறை.

ஹெரால்டு யூரி 1931இன் இறுதியில் கனஹைட்ரஜனைக் கண்டுபிடித்திருந்தார். அதன் கரு டியூட்ரான்: ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும். நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி கேம்பிரிட்ஜில் படித்துவந்த இளைஞர் மாரிஸ் கோல்ட்ஹேபர், டியூட்ரானைக் காமா கதிரால் உடைத்துப் பார்க்கலாம் என்று சாட்விக்கிடம் யோசனை சொன்னார். 1934இல் இருவரும் தோரியம் மூலத்திலிருந்து வரும் காமா கதிரை டியூட்ரான்மீது செலுத்தினார்கள். டியூட்ரான் உடைந்தது. கதிரின் ஆற்றல் தெரியும். தெறித்த புரோட்டானின் ஆற்றலையும் அளந்தாயிற்று. இரண்டிலிருந்தும், கருவை உடைக்க ஆன செலவு கிடைத்தது.

இன்றைய எண்களில் அந்தக் கணக்கு இப்படி: டியூட்ரானின் நிறை 3670.48 எலக்ட்ரான். உடைக்க ஆகும் ஆற்றல் 4.35. கூட்டினால் 3674.83. அதில் புரோட்டானின் 1836.15ஐக் கழித்தால் நியூட்ரானுக்கு 1838.68 மிஞ்சுகிறது. நியூட்ரான் ஒரு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும் பிணைந்த கலவை என்றால் அதன் நிறை 1837.15ஐவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். ஏனெனில் பிணையும்போது ஆற்றல் வெளியேறும், நிறை குறையும். நியூட்ரானோ அந்த வரம்பைத் தாண்டி ஒன்றரை எலக்ட்ரான் கூடுதலாக நிற்கிறது. ஆகவே நியூட்ரான் கலவை அல்ல. புரோட்டானுக்கு நிகரான தனித்துகள். அணுக்கருவுக்குள் எலக்ட்ரான் இருந்ததே இல்லை. பீட்டா சிதைவின்போது எலக்ட்ரான் அந்தக் கணத்தில் புதிதாகப் பிறக்கிறது என்பதை என்ரிகோ ஃபெர்மியின் கோட்பாடு ஏறத்தாழ இதே காலத்தில் விளக்கியது. வுல்ஃப்காங் பவுலி 1930இல் முன்மொழிந்திருந்த, நியூட்ரினோ என்ற மின்சுமையற்ற மிக இலேசான துகளுக்கும் அந்தக் கோட்பாட்டில் இடம் அமைந்தது.

வெளியே பதினைந்து நிமிடம், உள்ளே காலவரையின்றி

தன்னைவிட எடை குறைந்த ஒன்றாக மாற வழியிருந்தால் துகள் மாறிவிடும். தனித்து விடப்பட்ட நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானையும் ஓர் எதிர்நியூட்ரினோவையும் வெளியிடுகிறது. கையிருப்பு 2.53. எலக்ட்ரானை உண்டாக்க 1 செலவாகிறது. மீதி 1.53 வெளிவரும் துகள்களின் வேகமாகிறது. தனி நியூட்ரானின் சராசரி ஆயுள் 880 நொடிகள் அளவில், 15 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜிலும் கனடாவின் சாக் ரிவரிலும் அணு உலைகளிலிருந்து வந்த நியூட்ரான் கற்றைகளில் இந்தச் சிதைவை ஆராய்ந்தார்கள். இந்த ஆயுளை இன்னும் துல்லியமாக அளப்பதில் ஒரு சிக்கல் நீடிக்கிறது. மிகக் குளிர்ந்த நியூட்ரான்களைக் கலத்தில் அடைத்து எண்ணும் சோதனைகளில் 878 நொடி வருகிறது. கற்றையில் பறக்கும் நியூட்ரான்களிலிருந்து பிறக்கும் புரோட்டான்களை எண்ணிய அமெரிக்கச் சோதனையில் 888 நொடி வந்தது. இடைவெளி 10 நொடிதான் என்றாலும் இரு முறைகளும் தமக்கென்று சொல்லும் பிழை வரம்பைவிட அது பெரிது.

15 நிமிடத்தில் அழியும் இந்தத் துகள் நம் உடலின் கார்பனிலும் ஆக்சிஜனிலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது. காரணம் மீண்டும் நிறைக் கணக்குதான். டியூட்ரானையே எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் நியூட்ரான் சிதைந்தால் இரண்டு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும் மிஞ்ச வேண்டும். அவற்றின் நிறை 3673.31. டியூட்ரானிடம் இருப்பதோ 3670.48. கிட்டத்தட்ட மூன்று எலக்ட்ரான் அளவுக்குக் கையிருப்பு போதவில்லை. எனவே சிதைவு நடக்க முடியாது. கருவின் பிணைப்பு, நியூட்ரானின் கூடுதல் நிறையை அடகு வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு ஆயுளைத் தருகிறது.

எல்லாக் கருவிலும் இந்த அடகு செல்லாது. ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் கொண்ட டிரிட்டியத்தின் ஒரு நியூட்ரான் சிதைந்தால் ஓர் எலக்ட்ரானில் நூற்றில் நான்கு பங்கு அளவுக்கு ஆற்றல் மிஞ்சுகிறது. அந்தச் சிறு லாபம் கண்டு அது சிதைகிறது, நிதானமாக, 12.3 ஆண்டு அரை ஆயுளோடு. கார்பன்-14 கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால் அது நைட்ரஜன்-14. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. கீழடியில் கிடைத்த கரிமப் பொருள்களின் காலத்தைக் கணித்துச் சொன்னதும் இந்தச் சிதைவேதான்.

தனித்த புரோட்டான் இவ்வாறு சிதைந்ததை எவரும் உறுதியாகக் கண்டதில்லை. தன் குடும்பத்திலேயே மிகக் குறைந்த நிறை கொண்டது அது. இறங்கிப்போக அதற்குக் கீழ்ப்படி இல்லை. சில கோட்பாடுகள் அதற்கும் முடிவு உண்டு என்று சொல்வதால் பல நாடுகளில் தேடினார்கள். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் 2 கி.மீ.க்கும் கீழே, 1980களில் இந்திய-ஜப்பானியக் குழு ஒன்று இரும்புத் தகடுகளை அடுக்கிக் காத்திருந்தது இதற்காகத்தான். ஜப்பானின் சூப்பர்-காமியோகாண்டே சோதனை, எதிர்பார்க்கப்பட்ட முக்கியச் சிதைவு வழியில் புரோட்டானின் ஆயுள் 10 லட்சம் கோடி கோடி கோடி கோடி (10இன் 34ஆம் அடுக்கு) ஆண்டுகளுக்கும் மேல் என்று இன்று காட்டியிருக்கிறது.

முதல் மூன்று நிமிடம்

பிரபஞ்சத்தின் முதல் நொடிக்குள் வெப்பம் மிகுந்திருந்ததால் புரோட்டான் நியூட்ரானாகவும் நியூட்ரான் புரோட்டானாகவும் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தன. அந்தச் சூட்டில் இரண்டரை எலக்ட்ரான் ஒரு பொருட்டல்ல, எனவே இரண்டும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் இருந்தன. சூடு தணியத் தணியக் கனமான துகளை உண்டாக்குவது கடினமாயிற்று. ஒரு நொடி அளவில் இந்த மாற்றம் நின்றுபோனபோது ஆறு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் என்ற விகிதம் தங்கியது. அடுத்த சில நிமிடங்களில் சில நியூட்ரான்கள் சிதைந்ததால் அது ஏழுக்கு ஒன்று ஆயிற்று. அதற்குள் வெப்பம் குறைந்து டியூட்ரான் உடையாமல் நிலைக்கும் நிலை வந்துவிட, எஞ்சிய நியூட்ரான்கள் கருக்களுக்குள் தஞ்சம் புகுந்தன.

கணக்கை நாமே போடலாம். 16 துகள்களில் 14 புரோட்டான், 2 நியூட்ரான். இரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானும் சேர்ந்து ஒரு ஹீலியம். மீதி 12 புரோட்டானும் ஹைட்ரஜன். நிறையில் ஹீலியத்தின் பங்கு 16-இல் 4, அதாவது 25 விழுக்காடு. நட்சத்திரங்களின் உலைகளில் அதிகம் சமைக்கப்படாத பழைய வாயு மேகங்களை நிறமாலையில் ஆராய்ந்தால் ஹீலியம் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கிறது. நிறை வேறுபாடு மிக மிகச் சிறியதாக இருந்திருந்தால் இரு துகள்களும் சமமாகத் தங்கி, ஏறக்குறைய எல்லாமே ஹீலியமாகியிருக்கும். தண்ணீருக்கு வேண்டிய ஹைட்ரஜன் மிஞ்சியிருக்காது.

எங்கிருந்து எங்கு வரை?

மற்ற எதுவும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு, இந்த 2.53ஐ மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்ப்போம்.

1க்குக் கீழே போனால்: ஹைட்ரஜன் அணுவிலுள்ள எலக்ட்ரானைப் புரோட்டான் விழுங்கி நியூட்ரானாவதற்கு ஆற்றல் போதும். ஹைட்ரஜன் அணு தானாகவே அழியும்.

மேலே போனால்: சூரியனின் முதல் படியில் இரண்டு புரோட்டான்கள் இணைந்து, ஒன்று நியூட்ரானாக மாறி டியூட்ரான் உண்டாகிறது; கூடவே எலக்ட்ரானின் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானும் நியூட்ரினோவும் வெளிவருகின்றன. இரண்டு புரோட்டான்களின் நிறை 3672.31. டியூட்ரானும் பாசிட்ரானும் சேர்ந்து 3671.48. லாபம் 0.83. நியூட்ரான் இன்னும் 0.83 எலக்ட்ரான் கனமாக இருந்திருந்தால், அதாவது வேறுபாடு 3.36 ஆகியிருந்தால், இந்த லாபம் முழுவதும் கரைந்து, சூரியன் இன்று எரியும் முதன்மை வழியே அடைபட்டிருக்கும். ஹைட்ரஜன் நிலைப்பதற்கும் சூரியன் எரிவதற்கும் இடையே உள்ள இடம் இவ்வளவுதான்: ஒன்றுக்கு மேல், 3.36க்குக் கீழ்.

அழுத்தம் மிகுந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும் இடமும் உண்டு. எரிந்து முடிந்த பெரு நட்சத்திரத்தின் மையம் தன் எடையாலேயே நொறுங்கும்போது எலக்ட்ரான்கள் மிக உயர்ந்த ஆற்றல் நிலைகளுக்குத் தள்ளப்படுகின்றன. 2.53 என்ற விலையை அவற்றால் எளிதில் கட்ட முடிகிறது. அவை புரோட்டான்களுடன் சேர்ந்து நியூட்ரான்களாகின்றன. திரும்பச் சிதைய முயன்றாலும், பிறக்கும் எலக்ட்ரானுக்குக் காலி இடம் இல்லை. பூமியில் 15 நிமிடம் தாங்காத துகளாலேயே நியூட்ரான் நட்சத்திரம் கட்டப்பட்டிருக்கிறது.

வேறுபாட்டின் ஊற்று

புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியைக் காந்தப்புலம்தான் முதலில் எழுப்பியது. 1933இல் ஓட்டோ ஸ்டெர்ன் குழுவினர் புரோட்டானின் காந்தத் திருப்புத்திறனை அளந்தபோது அது எதிர்பார்த்ததைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. மின்சுமையே இல்லாத நியூட்ரானுக்கும் காந்தத்தன்மை இருப்பது பின்னர் தெரிந்தது. உள்ளே மின்சுமைகள் இருந்து ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன என்பதற்கு அது தடயம். 1964இல் முர்ரே கெல்-மானும் ஜார்ஜ் சுவைக்கும் தனித்தனியே குவார்க் கருத்தை முன்வைத்தார்கள். 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கியில் எலக்ட்ரான்களைப் புரோட்டானுக்குள் செலுத்திய சோதனைகள், உள்ளே புள்ளி போன்ற துகள்கள் இருப்பதைக் காட்டின. புரோட்டானில் இரண்டு அப் குவார்க், ஒரு டவுன் குவார்க். நியூட்ரானில் ஒரு அப், இரண்டு டவுன். அப் குவார்க்கின் மின்சுமை 2/3, டவுனின் மின்சுமை -1/3.

அப் குவார்க்கின் நிறை ஏறத்தாழ 4 எலக்ட்ரான், டவுனின் நிறை ஏறத்தாழ 9. புரோட்டானின் மூன்று குவார்க்குகளையும் கூட்டினால் 18க்குப் பக்கத்தில்தான் வரும்; 1836இல் அது வெறும் ஒரு விழுக்காடு. எஞ்சிய 99 விழுக்காடும் குவார்க்குகளின் இயக்கமும் அவற்றைப் பிணைக்கும் குளுவான் புலத்தின் ஆற்றலும்தான். இந்தப் பெரும்பகுதி இரு துகள்களுக்கும் பொது. வேறுபாடு எழுவது அந்த ஒரு விழுக்காட்டைச் சுற்றித்தான்.

அங்கே இரண்டு விளைவுகள் எதிரெதிராக இழுக்கின்றன. புரோட்டானுக்கு நிகர மின்சுமை இருப்பதால் அதன் மின்புல ஆற்றல் அதிகம். அது புரோட்டானைக் கனமாக்கும். நியூட்ரானில் ஒரு டவுன் குவார்க் கூடுதல். அது நியூட்ரானைக் கனமாக்கும். 2015இல் புடாபெஸ்ட்-மார்செய்-வுப்பர்டால் கூட்டுக் குழு மீத்திறன் கணினிகளில் இரண்டு விளைவுகளையும் ஒருங்கே கணக்கிட்டு வெளியிட்டது. குவார்க் நிறையால் நியூட்ரானுக்கு ஏறத்தாழ 5 எலக்ட்ரான் கூடுகிறது. மின்சாரத்தால் புரோட்டானுக்கு ஏறத்தாழ 2 கூடுகிறது. மிஞ்சுவது 3க்குச் சற்றுக் குறைவு, பிழை வரம்பு அரை எலக்ட்ரானுக்குச் சற்று அதிகம். அளவிட்ட மதிப்பான 2.53 அந்த வரம்புக்குள்ளேயே அடங்குகிறது. சாட்விக்கும் கோல்ட்ஹேபரும் அளவையால் எட்டிய முடிவைக் கோட்பாடு எட்டிப்பிடிக்க எண்பது ஆண்டுகள் ஆயின.

இத்துடன் கேள்வி தீர்ந்துவிடவில்லை, இடம் மாறி ஆழமாகியிருக்கிறது. மின்சாரத்தின் பங்கான 2, நாம் நன்கறிந்த விதிகளிலிருந்து வருகிறது. குவார்க்கின் பங்கான 5, டவுன் குவார்க் அப்பைவிடக் கனமானது என்ற ஒரே செய்தியைச் சார்ந்தது. குவார்க்குகளில் மூன்று தலைமுறைகள் உண்டு. இரண்டாம் தலைமுறையில் 2/3 மின்சுமை கொண்ட சார்ம், தன் இணையான ஸ்ட்ரேஞ்சைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கனமானது. மூன்றாம் தலைமுறையில் டாப், பாட்டத்தைவிட 40 மடங்கு கனமானது. முதல் தலைமுறையில் மட்டும் வரிசை மாறியிருக்கிறது: 2/3 மின்சுமை கொண்ட அப்தான் இலேசானது. மற்ற இரண்டின் வழக்கத்தை இதுவும் பின்பற்றியிருந்தால் இரு விளைவுகளும் ஒரே பக்கம் இழுத்து, புரோட்டான் நியூட்ரானைவிடக் கனமாகியிருக்கும். சிதைவது புரோட்டானாகவும் நிலைப்பது நியூட்ரானாகவும் இருந்திருக்கும். ஹைட்ரஜன் அணு என்ற ஒன்றே இருந்திருக்காது.

துகள் இயற்பியலின் திட்டக் கோட்பாடு இந்த நிறைகளைச் சோதனையிலிருந்து பெற்றுக்கொள்கிறதே தவிர, அவை ஏன் இப்படி இருக்கின்றன என்று சொல்வதில்லை. மூன்று தலைமுறைகளில் ஒன்றில் மட்டும் வரிசை ஏன் மாறியது என்பதை இதுவரை எந்தக் கோட்பாடும் உறுதியாக வருவித்துக் காட்டவில்லை. நியூட்ரான் ஏன் புரோட்டானைவிடக் கனம் என்று கேட்கும் மாணவருக்கு இன்று நேர்மையாகச் சொல்லக்கூடிய விடை இதுதான்: டவுன் குவார்க் கனமானது என்பதால். அது ஏன் கனமானது என்று அவர் அடுத்து கேட்டால், அந்தக் கேள்வி இயற்பியலின் இன்றைய எல்லையிலேயே நிற்கிறது. அணுக்கருவின் துகள்களைக் கற்பிக்கும்போது இரண்டு 1-களோடு நிறுத்திவிடாமல் அந்த எல்லைவரை மாணவரை அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.